பத்தாயத்துக்கு முன்னால் ஓர் அண்டா

வீட்டைப் படம் எடுப்பதற்கு முன்னால் பாத்திரம் தேய்க்கும் நாரை ஒளித்துவிட வேண்டும். பார்க்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான் என்று ஃபாஜில் சொன்னார். விற்பனைக்கு வரும் வீடுகளை இணையத்தில் போடுவதற்குப் படம் எடுத்துத் தருகிற கும்பகோணத்துக்காரர். "சோப்பு டப்பா, மருந்துச் சீட்டு, கொடியில காயற புடவை, எதுவும் இருக்கக் கூடாது சார். வாங்கறவங்க தாங்களே அங்க குடியிருக்கற மாதிரி நெனச்சுப் பாக்கணும்." நியாயமான பேச்சு. முப்பத்திரண்டு வருஷம் பூகோளம் நடத்திய வாத்தியார் நான். சொன்னதைச் சொன்னபடி செய்து பழக்கம்.

இன்ஸ்பெக்டர் அம்மா, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வீடு என் பேரில்தான் இருக்கிறது. விஜயம் அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள், கல்யாணம் ஆகாதவள். அப்பாவும் என் மனைவியும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அதன்பின் பதினாறு வருஷமாக நாங்கள் இருவரும்தான். பெங்களூரிலிருந்து என் பெண் மதுவந்தி வா வா என்கிறாள். அக்கா வர மாட்டாள், தனியாகவும் இருக்க மாட்டாள். வீடு பார்க்க வந்த இரண்டு பேரை வாசலிலேயே நிறுத்தி, "நான் செத்தப்பறம் வந்து வாங்கிக்கோங்கோ" என்று அனுப்பினாள். பேரன் பிறந்ததைக்கூட நான் போனில்தான் பார்த்தேன். எனக்கு எரிச்சல் இருந்தது, மறைக்கவில்லை.

அதனால் படம் எடுக்கும் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. மதுவந்தி குழந்தையோடு வருகிறாள், வீட்டைச் சுத்தம் செய்யலாம் என்றேன். நான்கு நாள் சந்தோஷமாக என்னோடு ஒட்டடை அடித்தாள்.

கூடத்தில் நெல் கொட்டி வைக்கிற பத்தாயம் இருக்கிறது. ஆள் உயரத்துக்கும் மேலான தேக்குப் பெட்டி. மேலே மூடி, கீழே நெல்லைச் சரித்து எடுக்கச் சின்னதாக ஒரு வாய். சிறு வயதிலிருந்தே உள்ளே இறங்கிக் கூட்டுவது அக்காதான், ஒல்லியாக இருப்பாள். அன்றைக்கும், "உனக்கு இடுப்பு வலி, நானே எறங்கறேன்டா சாமா" என்றாள். நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன். பதினொரு மணிக்கு அவள் கோயிலுக்குப் போய்விடுவாள், ஃபாஜிலை அப்போது வரச் சொல்லியிருந்தேன். ஒன்பதுக்கே பைக் சத்தம் கேட்டது.

அக்கா வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மூடியைச் சாத்திப் பூட்டினேன். பத்து நிமிஷம் என்றுதான் நினைத்தேன்.

ஃபாஜில் பொறுமைசாலி. அறைக்கு நாலு படம், அப்புறம் வீடியோ. பத்தாயத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்காகவே வாங்குவாங்க சார்." அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கீழ் வாயில் அக்காவின் விரல்கள் தெரிந்தன. பித்தளை அண்டாவை நகர்த்தி அந்த வாயோடு ஒட்டி வைத்தேன். படத்துக்கு அது எடுப்பாகவும் இருந்தது.

"ஏதோ தட்டற மாதிரி கேக்குதே சார்?"

"பெருச்சாளி. பழைய வீடுன்னா இருக்கும்."

"பரவால்ல, சத்தத்த எடுத்துட்டு வீணை போட்டுடலாம்."

சத்தத்தை எடுப்பதற்கு முந்தைய வீடியோவைத்தான் நேற்று எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். "சாமா" என்று இரண்டு தடவை கேட்கிறது என்றீர்கள். மூன்று தடவை, அம்மா. முதல் தடவை மெதுவாகக் கூப்பிட்டாள்.

வாசலுக்குச் சாயங்கால வெளிச்சம்தான் நல்லது என்று ஃபாஜில் சொல்லிவிட்டார். மதியம் அவர் சாப்பிட வெளியே போனபோது வீட்டில் நான் மட்டும் இருந்தேன். சாவி என் இடுப்பில் இருந்தது. திறந்தால் அக்கா என்னைப் பார்க்கும் பார்வையை நினைத்துக்கொண்டேன். மோர்சாதம் சாப்பிட்டேன். சித்திரை வெயில் என்று தெரியும், அவளுக்கு வீசிங் என்றும் தெரியும். அவர் திரும்பி வந்து இன்னொரு படம் எடுப்பாரோ என்று அண்டாவையும் நகர்த்தவில்லை.

ஆறு மணிக்கு அவர் கிளம்பியபின், காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திறந்தேன். துடைப்பம் அவள் கையிலேயே இருந்தது.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். அந்த வீட்டில் நான் பதினாறு வருஷம் அடைபட்டுக் கிடந்தேன். அக்கா ஒரே ஒரு பகல்தான்.