கண்ணை மட்டும் கண்டால் போதும்

"நிக்காப்ப ஒருக்கா உயர்த்துங்க, மாமி."

இப்படி எந்தப் பெண்ணிடமும் கேட்கக்கூடாதென்று உம்மா பலமுறை சொல்லியிருந்தா. கேட்டேன். கலியாண வீட்டில், பெண்கள் பக்கத்தில், படம் எடுக்கிறவளும் பெண்ணென்றால் யாரும் மறுப்பதில்லை. "மூக்கு பெரிசா விழாம எடு புள்ள, மருமகள்மார் சிரிப்பாளுகள்" என்பார்கள். பிறகு முகத்திரையை இறக்கச் சொல்லி இன்னொரு படம் எடுப்பேன். "மூடின முகத்த எதுக்குகா எடுக்குறாய்? ஆரெண்டு ஆருக்குத் தெரியப்போகுது?" என்று கேலி செய்வார்கள்.

எங்கள் சாய்ந்தமருதில், விருந்து முடிந்ததும் படக்காரி கமெராவைத் திறந்து, மெமரி கார்டை மணப்பெண்ணின் தாயிடம் கொடுத்துவிட வேண்டும். அவ அதை முந்தானையில் முடிந்துகொண்டு நிம்மதியாக உறங்குவா. என்னுடையது இரண்டு கார்ட் போடும் கமெரா; எடுக்கிற படம் இரண்டிலும் பதியும். யாரும் கேட்கவில்லை, நானும் பொய் சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்தில் கம்பஸ் போய்ப் பட்டம் படித்த முதல் ஆள் நான். முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லவென்று வெளிநாட்டான் செய்த மெசினுக்கு எங்கள் பெண்களின் முகம் பிடிபடாது என்பதை அங்கேதான் கண்டேன். ஆத்திரம் வந்தது. வெள்ளைக்காரியை அறிகிறது, எங்கள் ஊர் சல்மா உம்மாவை அறியாதாமா? நானே கற்றுக்கொடுத்தேன். திறந்த முகத்தையும் மூடிய முகத்தையும் சோடி சோடியாகக் காட்டக் காட்ட, கண்ணையும் புருவத்தையும் வைத்தே ஆளைச் சொல்லப் பழகிவிட்டது. யாரென்றாலும் சோதித்துப் பார்க்கட்டுமென்று இணையத்தில் விட்டேன்.

றஸாக் சோதித்துப் பார்த்தான். அவனுடைய அடிக்குப் பயந்து ஓடிவந்து, கல்முனையில் முகத்தை மூடிக்கொண்டு தையல் கடையில் வேலை செய்தவள் அவன் மனைவி பாஹிமா. பஸ் ஸ்டாண்டில் கண்ட ஒருத்தியைப் படம்பிடித்து, தன் கலியாணப் படத்தோடு சேர்த்துப் போட்டிருக்கிறான். இரண்டும் ஒரே ஆள் என்று மெசின் சொன்னது.

பாஹிமா கூப்பிட்டதால் இன்று போனேன். கையில் கட்டுப் போட்டிருந்தா.

"அந்த மெசின மூடிரு, புள்ள. அடுத்த முற கையோட விடமாட்டான்."

"உங்களுக்கு நானா அடிச்ச, ராத்தா?"

"இல்லகா. நீ படிச்சவள். உனக்கு அடிக்கத் தெரியாது, ஆளக் காட்டிக் குடுக்கத்தான் தெரியும்."

நல்ல பகிடி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மூடுவதில்லையென்று வரும் வழியிலேயே முடிவெடுத்திருந்தேன். ஒருத்திக்காக மூடினால் எங்கள் பெண்களை உலகம் மறுபடியும் அறியாமல் போய்விடும்.

"அவன் எடுத்த படம் தெளிவா, மங்கலா, ராத்தா?" என்று மட்டும் கேட்டேன்.

அடிக்குமுன் போனை முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினானாம். மங்கல்தானாம்.

அப்படியிருந்தும் மெசின் சரியாகச் சொல்லியிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.