இறங்கும் இடம்

என் பாதம் கொஞ்சம் பெரியது சார். செருப்புக் கடைக்காரர்கள் என்னைப் பார்த்தாலே உதட்டைப் பிதுக்குவார்கள்.

எங்கள் கூடைப்பந்து அணிக்கு நான் பயிற்சியாளர். கேப்டன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. மற்றவர்கள் சம்பளத்துக்கு ஆட வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன்கள். நல்ல கைகள்தான். ஆனால் பந்து கிடைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேப்டனிடம் தள்ளிவிடுவார்கள். அவன் கூடையில் போட்டால் ஜெயிப்போம், தவறவிட்டால் தோற்போம். பெரும்பாலும் தோற்றோம். நீங்களும் போடுங்கடா என்று தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தினேன்.

"அதான் அண்ணன் இருக்காருல்ல கோச்" என்றார்கள்.

அண்ணன் இருந்ததுதான் பிரச்சினை.

ஒருநாள் பயிற்சியில் நானே அவனை மறித்து ஆடினேன். எம்பிக் குதித்துப் பந்தை எறிந்தான். மேலே போனவன் கீழே வந்துதானே ஆக வேண்டும்? அவன் இறங்கும் இடத்தில் என் பாதத்தை வைத்தேன். தள்ளவில்லை, அடிக்கவில்லை. கணுக்கால் மடங்கி, முழங்கால் திருகி விழுந்தான். விழுந்த பிறகும் பந்து உள்ளே போனதா என்றுதான் திரும்பிப் பார்த்தான். போயிருந்தது.

நான்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இனிமேல் ஆடவே முடியாது என்றார் டாக்டர். அழுதேன். நடிப்பில்லை சார், சின்ன வயசில் அவனைத் தோளில் சுமந்தவன் நான்.

அதற்குப் பிறகுதான் பையன்கள் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். கடைசி இடத்தில் கிடந்த அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஊரே எங்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறது. மைத்துனன் எங்கள் வீட்டு சோபாவில் காலை நீட்டிக்கொண்டு டிவியில் பார்த்துக் கைதட்டினான். நான் செய்தது சரி என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

பயிற்சியையெல்லாம் வீடியோ எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். போன வாரம் அவன் விழுந்த அன்றைய வீடியோவைப் போட்டுப் பார்த்திருக்கிறான். என் மனைவியும் பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

"தெரியாம பட்டுடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

"டீம் ஜெயிச்சுதா இல்லையா?" என்றேன்.

நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

வருத்தம் இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. அரையிறுதியில் கவனித்தேன், மறுபடியும் பந்தெல்லாம் ஒருத்தனிடமே போகிறது. நெட்டை என்று கூப்பிடுவோமே, அந்தப் பையனிடம். நாளைக் காலையில் தனிப் பயிற்சிக்கு அவனை வரச் சொல்லியிருந்தேன். அதற்குள் நீங்கள் குறுக்கே வந்துவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். தோற்றால் அந்தப் பழி என் மேல் இல்லை சார், உங்கள் மேல்தான்.