ஜன்னலுக்கு வெளியே அல்ஜீப்ரா

அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் மாலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கல்லூரி மாணவன் ஒருவனும் அவனுடைய அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள்.

“இந்த வருசம் பூரா அல்ஜீப்ராவை ஜன்னலுக்கு வெளிய நின்னுதான் படிச்சேன்க்கா” என்றான் அவன்.

“ஏண்டா அப்பு?”

“நம்ம சேவுகம்பட்டி பஸ்ஸு வந்து சேரையில காலேஜுல மணி அடிச்சிருது. அதுக்கு முந்தி வேற பஸ்ஸும் கிடையாது. மணி அடிச்சா கணக்கு சாரு கதவைச் சாத்திருவாரு. அது அவரு சட்டம்.”

“வகுப்புக்கு வரலைன்னு போட்டா பரீட்சை எழுத விடமாட்டாகளேடா.”

“அதுக்குத்தான் பயந்து கெடந்தேன். இன்னைக்கு நேராப் போயி கேட்டுட்டேன். ‘உள்ள வரக்கூடாதுன்னுதானப்பா சொன்னேன். நீ வரலைன்னு நான் எங்க போட்டேன்? போயி பரீட்சைக்குப் படி’ன்னுட்டாரு.”

அக்கா பெருமூச்சு விட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மழை பேஞ்சப்பல்லாம் என்னடா செஞ்ச?”

“வராந்தாதானக்கா, நனையல. மழைச் சத்தத்துல பாடந்தான் கேக்காது. அப்பல்லாம் சாரு ஜன்னல்கிட்ட வந்து நின்னு நடத்துவாரு.”