அரைப்பேரு

— சரி, கம்பெனிக்காரன் தேயிலத் தோட்டத்த விட்டுட்டுப் போயிட்டான். அதுக்காக வேல செய்யிற நூத்தி இருவது பேரும் சங்கம் வச்சு மொதலாளின்னா, அட்டை கடிக்கிற ஏழாம் நம்பர் மலைக்கு எவன் போவான், நாகலெட்சுமி?

— இதுவரைக்கும் மொதலாளியா போனாரு, செல்லசாமி மாமா? நாங்கதானே போனோம்.

— சங்கத்துக்குச் செயலாளர்னு போட்டதுல ஒனக்கு வாய் நீண்டுருச்சு புள்ள. அன்னைக்கு பெக்டரி பெல்ட்டு அறுந்துச்சே, கூட்டம் போட்டீங்களே, என்னா கிழிச்சீங்க?

— மூணு மணி நேரம் பேசுனோம்.

— முடிவு?

— தேத்தண்ணி குடிச்சோம்.

— அப்படிச் சொல்லு.

— மறுநா காலையில வாங்கி மாட்டியாச்சு மாமா. தொரை இருந்தப்ப கொழும்புக்கு எழுதிப் போட்டுட்டு எட்டு மாசம் காத்துக் கெடந்தோம்.

— பெல்ட்ட விடு. முப்பது வருசம் கங்காணியா இருந்தவன் சொல்றேன். நம்ம ஆளுக, சத்தம் போடாட்டி கொழுந்து கிள்ளாதுக. நின்னு கதை பேசும்.

— இப்ப நின்னு பேசுறது யாரு? காலையில பேரு போடுற பெரட்டுக்கு உங்களக் கூட்டியாரச் சொல்லி என்னைய அனுப்புனாங்க. வாங்க போவோம்.

— இரு, முக்கியமானத இன்னும் சொல்லல. நீங்கல்லாம் ஒருத்தருக்கொருத்தர் மாமன் மச்சான். பிந்தி வர்றவங்களுக்கு அரைநாள் சம்பளந்தான்னு அரைப்பேரு போட எவனுக்கு மனசு வரும்? சித்தின்னும் பெரியம்மான்னும் முழுநாள் பேரு போட்டே மூணு மாசத்துல தோட்டத்தக் கவுத்துருவீங்க.

— நீங்க எப்படிப் போட்டீங்களாம்?

— எம் மகன் லோஜனுக்குச் சின்னதுல காய்ச்சல் கண்டப்ப வீரம்மா அவனத் தூக்கிக்கிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடிட்டு, ஒரு மணி நேரம் பிந்தி வந்தா. கட்டுன பொண்டாட்டின்னு பாத்தனா? அரைப்பேருதான்.

— அத்தை அத இன்னும் மறக்கல மாமா.

— மறக்கக் கூடாது. பேரு போடுறது வெளையாட்டில்ல. கொண்டா செக்ரோல் புத்தகத்த, நானே போடுறேன்.

— அது எங்கிட்ட இல்ல. வாரத்துக்கு ஒருத்தருன்னு சீட்டுக் குலுக்குனோம். இந்த வாரம் வீரம்மா அத்தை.

— எம் பொண்டாட்டியா? அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப நமக்கு முழுப்பேருதான்.

— கொஞ்சம் திரும்பிப் பாருங்க மாமா. பெரட்டு கலைஞ்சுருச்சு. செயலாளர்னுகூடப் பாக்காம, எனக்கும் உங்களுக்கும் சேத்து அரைப்பேரு போட்டுட்டு, அத்தை ஏழாம் நம்பர் மலைக்கு ஏறிட்டாங்க.