இருபத்திரண்டு டிகிரி

உள்ளே காலை வைத்ததும் ‘அப்பாடா’ என்றீர்களே தம்பி, இந்த அறைக்குள் வருகிற எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். வெளியே அப்படி ஒரு வெயில். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், மூன்று கொம்புக்காரர் முழங்கையில் குத்துவார். இந்தப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். எழுதிக்கொள்கிற பெண்ணும் உட்காரட்டும். நான் வேகமாகப் பேசுகிறவள் இல்லையம்மா, நிதானமாக எழுது.

என் தங்கை வியாழக்கிழமை இறந்துபோனாள். அவள் எப்படிப் போனாள் என்று கேட்கத்தான் ஸ்டேஷனிலிருந்து வந்திருக்கிறீர்கள். எதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் இந்த மிருகங்களைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பொம்மைகள். வடக்குச் சுவர் அலமாரியில் நிற்பவை பூமியை விட்டே போனவை. தெற்குச் சுவரில் நிற்பவை இன்றும் இருப்பவை. பசு, குதிரை, நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி, எறும்புதின்னி. இரண்டையும் கலக்க மாட்டேன். செத்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவே நடக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் முப்பத்தோரு வருடம் பல்செட் செய்கிற கூடத்தில் வேலை பார்த்தவள். பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். நாங்கள் மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவோம். யாருடைய வாய், அந்த வாய் என்ன பேசும், ஒன்றும் தெரியாது. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு கடையில் பொம்மை டைனோசர் ஒன்றைப் பார்த்தேன். வாய் நிறையப் பல், ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மதில்சுவர் மாதிரி இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, மெல்லிய அரத்தால் ஒவ்வொரு பல்லாகப் பிரித்தெடுத்தேன். கடைவாயில் இரண்டு பல் புதிதாக வைத்தேன். வாயைத் திறந்தபடியே வைத்துக்கொண்டிருக்கும், வலிக்கிறது என்று முனகாது, செட் பொருந்தவில்லை என்று மறுநாள் வந்து நிற்காது. அப்படி ஆரம்பித்ததுதான்.

என் தங்கை அதற்கு நேர்மாறான வேலையில் இருந்தாள். பஸ் கண்டக்டர். கூட்டத்தில் பழகிய தொண்டை. புருஷன் போனபிறகு ஒன்பது வருடமாக இங்கே என்னோடுதான் இருந்தாள். அப்போது மிருகங்கள் எல்லாம் கூடத்தில் இருந்தன. காலையில் காப்பிக் கோப்பையோடு வந்து நின்று அவற்றை அதட்டுவாள்.

“உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள தள்ளி நில்லுங்க. படியில தொங்காதீங்க. யோவ் நெட்டக் கழுத்து, தலைய உள்ள இழு, போஸ்ட்டு கம்பத்துல மோதிக்கப் போற.”

எனக்கு அந்த விளையாட்டு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனாலும் சிரிப்பேன். ஒருமுறை தெற்குச் சுவரிலிருந்த கோழியை எடுத்து வடக்குச் சுவரில், நான் முதன்முதலில் பல் வைத்த அந்தப் பெரிய பல்லுக்காரன் காலடியில் வைத்துவிட்டாள்.

“எதுக்குடி அதை இங்க வச்ச?”

“தாத்தாவும் பேத்தியும்கா. இதுங்க வம்சம்தான் கோழின்னு பேப்பர்ல போட்டிருக்கான். குடும்பத்தைப் பிரிச்ச பாவம் உனக்கு எதுக்கு?”

படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். இந்த அறைக்கு வந்தபிறகும் கோழி அவன் காலடியில்தான் நிற்கிறது, பாருங்கள். நான் விட்டுக்கொடுக்காத ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த வருடம் வெயில் சீக்கிரமாக வந்துவிட்டது. இங்கேதான் ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நாலு காலில் நிற்கிற மிருகத்தால் தொந்தரவு இல்லை. இரண்டு காலில் நிற்பவைதான் பாவம். இவ்வளவு பெரிய தலை, இவ்வளவு பெரிய வால், எல்லாப் பாரத்தையும் இந்தச் சுண்டுவிரல் பருமன் கணுக்கால் தாங்குகிறது. சூடு ஏறினால் பிளாஸ்டிக் இளகும். கணுக்கால் மெல்ல மெல்ல முன்னால் சாயும். நாம் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் யாரையோ கும்பிடக் குனிகிற மாதிரி இருக்கும். அதற்கு வைத்தியம் உண்டு. காலை வெந்நீரில் முக்கி, நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் பிடித்துக்கொண்டிருந்தால் இறுகிவிடும். ஆனால் அது தற்காலிகம். நிரந்தர வைத்தியம் இருபத்திரண்டு டிகிரி. அதற்கு மேல் போகக் கூடாது.

வீட்டில் ஏசி இருப்பது ஒரே ஓர் அறையில். இந்த அறை. இது தங்கையின் அறை. ஏசியும் அவள் ஓய்வு பெற்றபோது ஆசைப்பட்டுப் போட்டுக்கொண்டதுதான். இத்தனை வருடம் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன், இனிமேலாவது ஜில்லென்று தூங்குகிறேன் என்றாள்.

வெயில் தணியும்வரை இவர்களை உன் அறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

“தாராளமா வரட்டும். ஆனா குறட்டை விட்டா இறக்கி விட்டுடுவேன், சொல்லிட்டேன்.”

ஆறு நாள் இவர்களோடுதான் படுத்தாள். அவளுக்கு இதயம் கொஞ்சம் பலவீனம். கால் வீங்கும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுவாள். அதனால் அடிக்கடி எழுந்து போவாள், போகும்போதெல்லாம் கதவைத் திறந்து போட்டுவிடுவாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவோடு பேச ஜன்னலையும் திறப்பாள். ஏழாம் நாள் போர்வையை உதறினாள். நுனி பட்டு பல்லுக்காரன் சாய, அவன் சாய்ந்ததில் பதினான்கு பேர் தரைக்கு வந்தார்கள். நான் வைத்த கடைவாய்ப் பல் ஒன்று தெறித்துப்போனது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

“ஐயையோ அக்கா, ஒரு பஸ்ஸே கவுந்த மாதிரி இருக்கே. திட்டேன், ஏன் திட்டாம நிக்கற?”

நான் திட்டவில்லை. இதைக் குறித்துக்கொள்ளம்மா. வாழ்நாளில் அவளை நான் திட்டியதே இல்லை. மறுநாள் சாப்பிடும்போது, மாடியில் தகரக் கூரை போட்ட அறை சும்மாதானே கிடக்கிறது, அங்கே நாலு பக்கமும் ஜன்னல், நன்றாகக் காற்று வரும் என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறினாள். காற்று வரும் என்று நான் சொன்னது பொய் இல்லை. வந்தது. அடுப்பு வாயைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி.

மூன்று வாரம் அங்கே இருந்தாள். கடைசி வாரம் அவள் அதட்டல் சத்தம் குறைந்துபோனது. செவ்வாய்க்கிழமை நான்தான் டாக்டரம்மாவை வீட்டுக்கு வரவழைத்தேன். அக்கறை இல்லாதவள் அதைச் செய்வாளா, சொல்லுங்கள். டாக்டரம்மா கூடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கடிந்துகொண்டார்.

“இந்த இதயத்தை வச்சுக்கிட்டு தகரத்துக்குக் கீழ படுக்க வைக்கறீங்களே. இந்தச் சூடு இவங்களுக்கு ஆகவே ஆகாதும்மா. உயிருக்கே ஆபத்து. வீட்ல ஏசி இருக்கா?”

“இருக்கு. ரிப்பேர்” என்றேன்.

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அன்றே எல்லாம் மாறியிருக்கும். அவள் சொன்னது இதுதான்.

“ஆமா டாக்டர். அது எனக்கு முன்னாடியே படுத்துடுச்சு.”

டாக்டரம்மா போனபிறகு, ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “உன்னைப் பொய்க்காரி ஆக்கவா?” என்று சொல்லிவிட்டுப் படியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். பாருங்கள், அவளுக்கும் சம்மதம்தான். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு என்றுகூட நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றேகால் மணி. வெளியே நாற்பத்து மூன்று டிகிரி என்று பிறகு சொன்னார்கள். நான் இதே இடத்தில் உட்கார்ந்து பல்லுக்காரனின் இடதுகாலை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். ஒரு கிண்ணத்தில் வெந்நீர், ஒரு கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர். கதவை உள்ளே தாழ் போட்டிருந்தேன். மாடியிலிருந்து அவள் இறங்கி வருவது கேட்டது. அது இரும்புப் படி, யார் மிதித்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கதவு தட்டினாள்.

“அக்கா, உள்ளதான இருக்க?”

“இருக்கேன்டி.”

“மேல முடியலக்கா. சுவத்தத் தொட்டா சுடுது. கொஞ்ச நேரம் அங்க வந்து படுத்துக்கட்டுமா?”

“கையில வேலை இருக்கு. ஒரு நிமிஷம்.”

“ஒரு நிமிஷம்னா உங்க ஆளுங்க கணக்குல எத்தனை லட்சம் வருஷம்?”

சிரித்துவிட்டேன். அவளுக்கும் என் சிரிப்பு கேட்டிருக்கும். எங்கள் இருவருக்கும் நடுவே மனத்தாங்கல் எதுவும் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பேசினாள். இப்போது குரல் கதவின் கீழ்ப்பகுதியிலிருந்து வந்தது. உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

“எதையும் தொட மாட்டேன்கா. கட்டில்கூட வேணாம். வெறுந்தரையில, தெக்குச் சுவரு ஓரமா படுத்துக்கறேன். இருக்கறவங்க வரிசையில.”

நான் பல்லுக்காரன் காலை ஐஸ் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தேன். கணுக்கால் இறுகுகிற நேரம் அது, கை நடுங்கக் கூடாது. பிறகு அவள் நகத்தால் கதவைச் சுரண்டினாள். தட்டினால் அலமாரி அதிரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நிலையிலும் அந்த ஜாக்கிரதை. இப்படி ஒரு தங்கை யாருக்குக் கிடைப்பாள்?

அப்புறம் சத்தம் இல்லை. மாடிக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நேற்றுவரை எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். இன்று சரியாகச் சொல்லிவிடுகிறேன். இரும்புப் படி சத்தம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நான் கவனித்தேன். அவள் கதவுக்கு வெளியேதான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

கணுக்கால் பத்து நிமிடத்தில் இறுகிவிட்டது. நான் கதவைத் திறந்தது நாலு மணிக்கு. நடுவே என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தூசி துடைத்தேன். யோசித்தும் பார்த்தேன். கதவைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் உள்ளே இருபத்தெட்டு ஆகிவிடும். அது திரும்ப இறங்க ஒரு மணி நேரம் பிடிக்கும். அவளை உள்ளே படுக்கவிட்டால் இன்று ஒருநாளோடு போகாது, நாளையும் வருவாள். மாத்திரை போட்டால் எழுந்து எழுந்து போவாள். கதவு ஓயாமல் திறந்து மூடும். ஒருமுறை இரக்கப்பட்டால் கோடை முழுக்க இரக்கப்பட வேண்டியிருக்கும். நிதானமாக யோசித்தால் உங்களுக்கும் இது விளங்கும்.

டாக்டரம்மாவுக்கு ஐந்து மணிக்குப் போன் செய்ததும் நான்தான். வந்தவர் இந்தக் கதவருகே நின்றபோது கீழ் இடுக்கு வழியாக ஜில்லென்று அவர் கால்விரலில் பட்டிருக்கிறது. “ஏசி ரிப்பேர்னு சொன்னீங்களே” என்றார். அதன்பிறகு என்னோடு பேசவில்லை, உங்களோடுதான் பேசியிருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நாலு மணிக்கு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். தாழை நீக்கியதும் கதவு தானாகவே உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. அதில் சாய்ந்திருந்தவள் என் பாதத்தின்மேல் சரிந்தாள். உடம்பு இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. வேர்வையே இல்லை. கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது தம்பி. இல்லை என்று சொன்னால் வழக்கு சுலபமாகிவிடும் என்று வக்கீல் சொல்கிறார், ஆனால் இருந்தது. உள்ளே இரண்டடி இழுத்துப் போட்டிருந்தால் போதும். நான் அவள் அக்குளில் கை கொடுத்து, கூடத்துப் பக்கமாக வெளியே இழுத்தேன். பிறகு கதவைச் சாத்தினேன். அதன்பிறகுதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த வரிசையில்தான் நடந்தது, மாற்றி எழுத வேண்டாம்.

அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். உதடு அசைந்தது. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்ததால் சொல் வரவில்லை. ஆனால் உடன்பிறந்தவளுக்குத் தெரியாதா அவள் என்ன கேட்கிறாள் என்று? கதவு தள்ளிய வேகத்தில் உள்ளே எதுவும் விழுந்துவிட்டதா என்றுதான் கேட்டாள். “ஒண்ணும் விழலடி, எல்லாம் நல்லா நிக்குது” என்றேன். அதைக் காதில் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத்தான் போனாள்.