சுத்தம் வேண்டாம் என்ற அறை

சாவி அட்டையைக் கைபேசியோடு ஒரே பையில் போட்டால் அது வேலை செய்யாமல் போய்விடும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், அன்று நான் மறந்துவிட்டேன். 214-ஆம் அறைக் கதவில் நான்காவது முறை வைத்தபோதும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணா, கதவத் திற. வெளையாடாத" என்று தட்டினேன். அட்டையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தேன்.

முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள், அதிகாரி. எனக்கு அந்தக் கதவிலிருந்துதான் வருகிறது.

ராய்ஸ் என் அண்ணன். இருபத்து நான்கு வயது, மளிகைக் கடையில் அரைநேர வேலை, சின்ன வயதிலிருந்தே வலிப்பு. எனக்குப் பதினேழு. பதினேழு வயதுக்காரிக்குக் கடன் அட்டையும் தர மாட்டார்கள், ஓட்டலில் அறையும் தர மாட்டார்கள். அதனால் தங்கும் இரவுக்கெல்லாம் புள்ளி தருகிற ஓட்டல் கடன் அட்டையை அவன் பெயரில் வாங்கினோம். மூளை என்னுடையது, கையெழுத்து அவனுடையது. "என்ன மேனேஜரம்மா, இன்னும் எத்தன ராத்திரி?" என்று கிண்டல் பண்ணுவான்.

ஆண்டு முடிவதற்குள் அறுபது இரவுகள் கணக்கில் ஏற வேண்டும். ஏறினால் மாவுய் தீவில் கடல் பார்த்த அறை, ஐந்து நாள், இலவசம். அது அம்மாவுக்கு. எங்கள் ஃபார்கோ நகர ஓட்டல் ஒன்றில் அம்மா பத்தொன்பது வருடமாகப் படுக்கை விரிக்கிறாள். ஒருநாள்கூட ஓட்டல் படுக்கையில் படுத்ததில்லை, கடலையும் பார்த்ததில்லை. அம்மாவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. பிறந்தநாளன்று டிக்கெட்டைக் கையில் கொடுப்பதாக இருந்தோம்.

இரவு குறைந்தால் மலிவான அறை எடுத்து, கையெழுத்துப் போட்டு, போர்வையைக் கலைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். புள்ளி சேர்க்கிற எல்லோரும் செய்வதுதான். ஆனால் நவம்பரில் ஆள் தங்கவில்லை என்று கண்டுபிடித்து இரண்டு இரவுகளைக் கழித்துவிட்டார்கள். அதனால் டிசம்பரில் மிச்சமிருந்த மூன்று இரவுக்கும் அவனை நிஜமாகவே தங்கச் சொன்னேன். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டல். காலைச் சாப்பாட்டுக்குச் சுடச்சுட வாஃபிள் உண்டு என்றதும் சரி என்றான். நண்பன் வீட்டில் இருப்பதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டான்.

அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் இரவுக்கு ஐந்நூறு புள்ளி கூடுதல். கதவில் ஒரு பச்சை அட்டை மாட்டிவிட்டால் போதும், யாரும் உள்ளே வர மாட்டார்கள். மாட்டியது நான்தான்.

ஞாயிறு இரவு போன் பண்ணினான். "மாத்திர டப்பா ஒன் பையில போயிருச்சு."

"நாளைக்குக் கொண்டாறேன்" என்றேன்.

திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. சாயங்காலம் ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி பனி. மறுபடி கூப்பிட்டான். "கை தானா துள்ளுது. நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?"

"இன்னும் ரெண்டே ராத்திரிண்ணா. தூங்கு, சரியாயிடும்."

"சரி மேனேஜரம்மா."

செவ்வாய்க்கிழமை முழுக்க அவன் போனை எடுக்கவில்லை. தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்றுதான் எழுத வேண்டும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா தன் காலை நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "ஏர்போர்ட் ஓட்டல்ல பாதிப் பேருக்குக் காய்ச்சலாம். அதுவும் எங்க மொதலாளியோடதுதானே, நேத்துலேர்ந்து என்னய அங்க தூக்கிப் போட்டுட்டாங்க. அங்க எரநூத்திப் பதினாலுன்னு ஒரு ரூமு, ரெண்டு நாளா சுத்தம் வேணாம்னு பச்ச அட்ட. புள்ளி சேக்குற ஆளு போல. மகராசன் நல்லாருக்கணும், எனக்கு ஒரு பாத்ரூம் மிச்சம்." சிரித்தாள்.

மாத்திரை டப்பா மேசைக்கடியில் என் பையில் இருந்தது. பை என் காலில் இடித்துக்கொண்டிருந்தது. எல்லாக் கதவையும் திறக்கிற சாவி அம்மாவின் கழுத்தில் தொங்கியது. நான் வாயைத் திறந்திருந்தால் ஓட்டலுக்கு ஒரு போன், அரை நிமிடத்தில் கதவு திறந்திருக்கும். ஆனால் ரகசியம் உடைந்திருக்கும், அறுபதாவது இரவு போயிருக்கும். ஒரே ஒரு இரவு. உருளைக்கிழங்கை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.

புதன் பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யப் போனேன். அப்போதுதான் சிவப்பு விளக்கு. தாழ்வாரத்தில் சக்கரச் சத்தம் கேட்டது. அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏய், பள்ளிக்கூடம் போகாம இங்க என்னடி பண்ற?"

நான் கதவைக் காட்டினேன். அம்மா தன் சாவியை வைத்தாள். பச்சை எரிந்தது.

அவன் இரண்டு கட்டிலுக்கும் நடுவே தரையில் கிடந்தான். எப்போது விழுந்தான் என்று மருத்துவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ராய்ஸ் பெயருக்கு மின்னஞ்சல் வந்தது. அறுபது இரவுகள் நிறைந்ததற்கு வாழ்த்து. இறந்தவர் கணக்கு என்று தெரிந்தால் மூடிவிடுவார்கள், புள்ளியெல்லாம் போய்விடும். அதனால் அன்றைக்கே மாவுய் அறையைப் பதிவு செய்துவிட்டேன். ஜூன் மாதம், கடல் பக்கம், அம்மா பெயரில். நீங்கள் அந்த ஓட்டல்காரர்களிடம் அதுவரை சொல்லாமல் இருந்தால் நல்லது. அவன் உழைத்துச் சேர்த்தது அது, வீணாகக் கூடாது.

அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், சத்தம் போடாமல், துண்டுகளை மடித்துக்கொண்டே.

"செவ்வாக்கெழம மத்தியானம் அந்தக் கதவுக்கு முன்னாடி வண்டிய நிறுத்திட்டு ரொம்ப நேரம் துண்டு மடிச்சேன். உள்ள டிவி சத்தம் கேட்டுச்சு. அப்ப அவன் உயிரோட இருந்தானாடி?"