பழி சுமந்த ஐந்தாம் எண் படகு

வெற்றிலையை மென்றபடி, இந்த வாத்தியார் எப்போது முடிப்பான் என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் விழாத் தலைவர், மீனவர் சங்கத்தின் மூத்தவர் சவேரியார் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து அதையே மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் பங்குச் சாமியார் அவர்களே, இராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வந்து வெயிலில் வாடியும் வாய் திறவாத அதிகாரிப் பெருமக்களே, அலையோடு மல்லுக்கட்டி அன்னம் தேடும் ஆண்மக்களே, அவர்கள் கரை சேரும்வரை கண் அயராமல் காத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அத்தனை பேரையும் இந்த அக்காள்மடத்துக் கடற்கரையில் நின்று பூமிநாதனாகிய நான் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் யார்? நெல் விளைகிற ஊரில் பிறந்தவன். எனக்குத் தெரிந்த தண்ணீர் கணுக்கால் அளவு. பாம்பன் பாலத்தில் ரயில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்கிற வீரன். அப்படிப்பட்டவனை நேற்று நடந்த பாய்மரப் படகுப் போட்டிக்கு நடுவனாக உட்கார வைத்தது ஏன்? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களுக்குத் தெரிந்த காரணம்தான். கடல் தெரிந்த ஒவ்வொருவனும் இங்கே யாருக்காவது மாமன், யாருக்காவது மச்சான். கடலும் தெரியாமல் உறவும் இல்லாமல் ஓர் ஆள் தேடினீர்கள். வசமாக நான் கிடைத்தேன்.

முன்பெல்லாம் போட்டி எப்படி நடந்தது? பெரிய பாய் வைத்திருப்பவன் ஜெயிப்பான். சின்னப் பாய் வைத்திருப்பவன் சண்டைக்கு வருவான். பரிசு ஒருவனுக்கு, காயக்கட்டு பத்துப் பேருக்கு. பிறகு புயல் வந்தது. பெரிய படகென்று பார்க்கவில்லை, சின்னப் படகென்று பார்க்கவில்லை, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. மிஞ்சிய மக்களுக்குச் சங்கம் ஏழு படகு கட்டிக் கொடுத்தது. ஏழுக்கும் ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே துணியில் வெட்டிய ஒரே அளவுப் பாய். அப்போதுதான் தலைவர் சொன்னார், இனிமேல் இந்தப் படகுகளில்தான் போட்டி, அதிலும் சீட்டுப் போட்டுத்தான் படகு, சுற்றுக்குச் சுற்று படகை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று. எண்ணிப் பாருங்கள். படகு ஒன்று, பாய் ஒன்று, காற்று ஒன்று, கடல் ஒன்று. பிறகு எதைச் சொல்லித் தப்புவான் மனிதன்?

அங்கே யார், ஐந்தாம் நம்பரைச் சொல்லுங்கள் என்கிறவர்? அதைச் சொல்லத்தானே ஐயா மேடை ஏறியிருக்கிறேன்.

ஐந்தாம் எண் படகு வேதமுத்துவின் படகு. அது ராசி இல்லாத படகு என்று நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்டுவருகிறேன். ஈர மரத்தில் கட்டியது என்பார் ஒருவர். ஒரு பக்கம் இழுக்கிறது என்பார் இன்னொருவர். மற்ற ஆறு படகும் மீனோடு வரும்போது அது மட்டும் வெறுமனே வரும். பல நாள் கரையை விட்டே நகராது. வேதமுத்துவும் அதை நம்பினார், படகை மாற்றிக் கொடுங்கள் என்று சங்கத்து வாசலில் நின்றார். அவர் மனைவி அருள்மேரி அம்மா கருவாட்டுக் கூடையைத் தலையில் தூக்கிக் குடும்பத்தைக் காத்தார்.

நேற்று முதல் சுற்று. சீட்டில் ஐந்தாம் எண் படகு இன்னொரு படகுக்காரர் சலாஹுதீனுக்கு விழுந்தது. வேதமுத்துவுக்கு இரண்டாம் எண். மேற்கேயிருந்து கச்சான் காற்று கனமாக வீசியது. கொடியை நான் இறக்கினேன். ஏழு பாயும் ஒன்றாக விரிந்தன, எனக்கே நெஞ்சு விம்மியது. போனார்கள், மிதவையைச் சுற்றினார்கள், திரும்பினார்கள். முதலில் வந்தது எது? ராசி இல்லாத படகு. ஈர மரத்துப் படகு. உங்கள் ஐந்தாம் எண் படகு. கடைசியில் வந்தவர் வேதமுத்து.

நான் ஒருவன்தான் கை தட்டினேன். ஜெயித்து இறங்கிய சலாஹுதீன் முகத்தில் சிரிப்பில்லை, களவாடிவிட்டவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு போனார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் சுற்றிலும் சலாஹுதீன், வேறொரு படகில், முதலில் வந்தார். வேதமுத்து, அவரும் வேறொரு படகில், கடைசியில் வந்தார்.

நேரே என் மேசைக்கு வந்தார். "பேர அடிச்சிருங்க சார். படகையும் சங்கத்துல ஒப்படைச்சிர்றேன். ராம்நாட்டுல மூட்ட தூக்கிப் பொழச்சுக்கிறேன்" என்றார். அருள்மேரி அம்மா பின்னால் நின்றார்.

அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். தெரியாத்தனமாகக் கேட்டேன். "காற்று ஓங்கி அடித்தபோது மற்ற ஆறு பாயும் விறைப்பாக நின்றன. உங்கள் பாய் மட்டும் படபடத்ததே, அது ஏன்?"

கரையே என்னை முறைத்தது. சவேரியார் என் கையைப் பிடித்து அழுத்தினார். என் அறியாமை அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடல் யாரைக் கொண்டுபோனதோ அவன் வீட்டாரிடம் கடலைப் பற்றிக் கேட்பதில்லை என்பது உங்கள் வழக்கம். வேதமுத்துவின் தம்பியைப் புயல் கொண்டுபோனது. அண்ணனின் பாய் படபடப்பதை இந்தக் கரை முழுக்கப் பார்த்திருக்கிறது. பார்த்தும் கேட்கவில்லை. அவர் மனம் நோகக் கூடாதென்று படகின் மேல் பழியைப் போட்டது. பாசத்தால் சொன்ன பொய்தான், நேற்று அந்தப் படகு ஜெயித்ததும் உடைந்துபோனது. ஆனால் தோழர்களே, அந்தப் பாசம் ஒரு மனிதனைக் கரையிலேயே கட்டிப்போட்டுவிட்டதே.

வேதமுத்து என்னைத்தான் பார்த்துச் சொன்னார். கேட்டவன் நான் ஒருவன்தானே. "பயம் சார். தாமான் கயிறு என் கையில இருந்துச்சு அன்னைக்கி. பாய இழுத்து நிறுத்துற கயிறு. விட்டா கர சேர முடியாதுன்னு விடாமப் பிடிச்சேன். கவுந்துருச்சு. தம்பி போயிட்டான். அதுலருந்து காத்து ஓங்குனாலே கை தானா விட்டுருது. நான் விடல சார், கை விட்டுருது."

எத்தனை பெரிய படிப்பு படித்தவன் நான். பதில் சொன்னவர் யார்? சலாஹுதீன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், வேதமுத்துவின் வலது கையைப் பிடித்தார்.

"அன்னைக்கிப் புயல்ல எங்க படகுல சதக் மாமு கயித்த விட்டுட்டாரு மாப்ளே. விட்டும் கவுந்துச்சு. மாமு வரல. பிடிச்சவனும் போனான், விட்டவனும் போனான். அது ஒன் கை செஞ்ச வேலையில்ல. அல்லா சாட்சியாச் சொல்றேன், ஒன் கை செஞ்ச வேலையில்ல."

அதற்கு முன் இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? யாரும் கேட்டதே இல்லையே. அவர் அழுதார். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அருள்மேரி அம்மா மட்டும் அழவில்லை. "இன்னொரு சுத்து இருக்கு. போயிட்டு வாங்க" என்றார்.

போனார். மூன்றாம் சுற்றின் பாதியில் காற்று ஓங்கியது. தாய்மார்கள் எழுந்து நின்றதை நான் பார்த்தேன். பாய் படபடத்தது. ஒருமுறை படபடத்தது. பிறகு நின்றது. விம்மி நின்றது, விறைத்து நின்றது, வீறுகொண்டு வந்தது. முதலில் வந்தாரா? இல்லை. முதலில் வந்தவர் மூன்று சுற்றும் வென்ற சலாஹுதீன், கேடயம் அவருக்கே. வேதமுத்து மூன்றாவதாக வந்தார். முதலில் வந்தவருக்குக் கூட எழாத ஆரவாரம் மூன்றாவதாக வந்தவருக்கு எழுந்தது. சரிதானே? இப்போது தட்டுகிறீர்களே, இதைவிடப் பெரிதாக இருந்தது நேற்று.

அன்பு கொண்டோரே, ஒரே அளவில் படகு கட்டினோம், எவன் பெரியவன் என்று காட்டவா? ஆளுக்கு ஆள் என்ன சுமை என்று காட்டிக் கொடுத்தது அந்த அளவு. கண்ணுக்குத் தெரிந்த சுமையைக் கை கொடுத்து இறக்கலாம். மூடி மறைத்த சுமையை யார் இறக்குவது? இனி இந்தக் கரையில் மனம் நொந்த ஒருவனைக் கண்டால் படகைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேளுங்கள். கடல் தெரியாத நானே கேட்டேன். உங்களால் முடியாதா?

முடித்துவிடுகிறேன். தலைவரின் வெற்றிலை தீர்ந்துவிட்டது. ஒரு சுற்றில் மூன்றாவதாக வருபவருக்குச் சங்கம் தரும் பரிசு புதுக் கயிறு ஒரு சுருள். அதை வாங்கிக்கொள்ள வேதமுத்துவுக்காக மேடையில் ஒரு நாற்காலி போட்டோம். காலியாகக் கிடக்கிறது, பார்க்கிறீர்கள். மூட்டை தூக்கப் போய்விட்டாரோ என்று பதறி, சற்று முன் அருள்மேரி அம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்ன சொல்லையே சொல்லி இறங்குகிறேன்.

"அவுக இங்கன இல்ல சார். காத்து நல்லா இருக்குன்னு அஞ்சாம் நம்பர எடுத்துக்கிட்டுக் கடலுக்குப் போயிட்டாக."

அருள்மேரி அம்மா, மேடைக்கு வாருங்கள். கயிற்றை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் என் நன்றி. கடலில் இருக்கிற அந்த ஒருவருக்கு என் வணக்கம்.